‘டேக் ஓவர்’: ஓர் ஆங்கிலத் தொடர்வினையின் பொருளும் வழக்கும்

பழைய மாணவர் பலர் ஓரிடத்தில் கூடியவழி, அவர்தம் பேச்சில் ஓர் ஆங்கிலத் தொடர் கால எல்லையைக் காட்டும் மைற்கல்லைப் போல நிற்றலைக் கேட்கலாம். “அது டேக் ஓவருக்கு முந்திய காலம்” என்பார் ஒருவர். “டேக் ஓவருக்குப் பிறகு வந்த வாத்தியார் அவர்” என்பார் மற்றொருவர். ஆண்டினைக் கூறார், சட்டத்தின் பெயரைக் கூறார், எடுத்தவர் யார், எடுக்கப்பட்டது யாது, எவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பனவும் கூறார். கூறாமலே கேட்போர் யாவர்க்கும் விளங்கிவிடுகின்றது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதிகளிலும் வாழ்வோர்க்கு இத்தொடர் ஒருமுறையன்றிப் பலமுறை, ஒவ்வொரு முறையும் வேறு பொருளோடு, வாழ்விற் குறுக்கிட்டிருக்கின்றது. ஆதலின் இம்மலரில் அதனைச் சற்று விரித்து நோக்குதல் பொருந்தும் எனக் கருதினோம்.

ஆங்கிலம் கற்கும் நம்மவர்க்கு நீண்ட சொற்கள் அத்துணை இடர் செய்வதில்லை. அகராதியைப் புரட்டினால் நீண்ட சொல்லின் பொருள் அகப்பட்டுவிடும். இடர் செய்வன சிறு சொற்களே. ‘டேக்’ என்பது எடுத்தல். ‘ஓவர்’ என்பது மேல். இவ்விரண்டையும் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆயின் இரண்டும் சேர்ந்த இடத்து, ‘மேலே எடுத்தல்’ என்று பொருள் கொண்டானாயின் அவன் தவறுகின்றான். வினையோடு சிறு இடைச்சொல் ஒன்று சேர்ந்து, இரண்டின் தனிப்பொருளிலும் அடங்காத புதுப்பொருளைத் தரும் இத்தகைய தொகுதியைத் தொடர்வினை என ஈண்டு வழங்குவாம். 1755ஆம் ஆண்டில் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறமொழியாளர்க்குப் பெருந்துன்பம் தருவன இவையே என அதன் முன்னுரையில் கூறியிருக்கின்றார். இவற்றுக்கு இன்று வழங்கும் ஆங்கில இலக்கணப் பெயரைப் பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித் என்பார். 1925ஆம் ஆண்டில் வந்த தம் நூலொன்றில் அதனை ஆண்டார். ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாகப் பேசிவந்த ஒன்றுக்கு நிலையான பெயர் வழங்கத் தொடங்கி நூறாண்டே ஆகின்றது.

‘டேக்’ என்னும் சொல்லே ஆங்கிலத்துக்கு உரியதன்று என்பதை இங்கே குறிப்பிடலாம். அது வடபுலத்துக் கடலோடிகளாகிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. அதற்குமுன் எடுத்தலைக் குறிக்க ‘நிமன்’ என்றொரு வினை பழைய ஆங்கிலத்தில் இருந்தது. வந்தேறிய சொல் இருந்த சொல்லின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. விரல் மரத்துப் போதலைக் குறிக்கும் ‘நம்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் அப்பழைய வினையின் சுவடு எஞ்சி நிற்கின்றது. ‘டேக் ஓவர்’ என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

‘ஓவர்’ என்பதோ மேல் என்னும் பொருளோடு, ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு என்னும் பொருளையும் உடையது. பாலத்தைக் கடப்பதும் வேலியைத் தாண்டுவதும் இவ்விடைச்சொல்லாற் குறிக்கப்படும். ஆகவே ‘டேக் ஓவர்’ என்பதன் உள்ளே ஒரு கோடு கிடக்கின்றது. கோட்டுக்கு அப்பால் ஒருவரிடம் இருந்த ஒன்று, இப்பால் நிற்பவர் கைக்கு வருகின்றது. இவ்வளவே அத்தொடர் கூறுவது. வந்தது வேலையா, அதிகாரமா, உடைமையா, கடனா என்பதை அது கூறாது. முன்னிருந்தவர் மனம் ஒப்பிக் கொடுத்தாரா, கொடுக்க வைக்கப்பட்டாரா என்பதையும் கூறாது. இக்கூறாமையே அத்தொடரின் வசதி. இதனாலேயே அது நம் நாட்டிற் பல சச்சரவுகளுக்கு நடுவே நின்றிருக்கின்றது.

முதலில் எளிய வழக்கினை நோக்குவாம். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலையாள் வந்ததும் பகல் வேலையாள் புறப்படுகின்றான். வந்தவன் ‘டேக் ஓவர்’ செய்கின்றான். இங்கே செயப்படுபொருள் வேண்டியதில்லை. யாரிடமிருந்து என்பதைக் காட்ட ‘ஃபுறொம்’ என்னும் முன்னிடைச்சொல் சேர்த்தாற் போதும். நெடுவழிப் பயணத்திற் களைத்த சாரதியிடமிருந்து மற்றவர் ஓட்டுவளையத்தை வாங்குதலும், ஆசிரியர் ஒருவர் விடுமுறையிற் செல்ல இன்னொருவர் அவர் வகுப்பை நடத்துதலும் இவ்வகையின. இங்கே சச்சரவு யாதும் இல்லை. எடுத்தவர் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இவ்வெளிய வழக்கிலேயே இரண்டு இலக்கண நுட்பங்கள் உள. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் அதனை ‘ஓவர்’ என்பதன் முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். சுட்டுப்பெயராயின் நடுவில் மட்டுமே வைத்தல் வேண்டும். ‘டேக் இட் ஓவர்’ என்பதே வழக்கு. ‘டேக் ஓவர் இட்’ என்பது வழு. மற்றொன்று ஒலியழுத்தம் பற்றியது. வினையாக வழங்குமிடத்து அழுத்தம் ‘ஓவர்’ மேல் விழும். பெயராக வழங்குமிடத்து அது ‘டேக்’ மேல் ஏறும். எழுத்திலும் இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடும். நம்மவர் பேச்சில் இவ்வேறுபாடு பெரும்பாலும் காணப்படுவதில்லை. அதனால் பெருந்தீங்கு யாதும் விளைந்ததில்லை என்பதையும் சொல்லிவிடல் வேண்டும்.

தீங்கு விளைவது சொற்களை முன்பின்னாக மாற்றுமிடத்து. ‘ஓவர்டேக்’ என்பது வேறு சொல். முந்திச் செல்லுதலைக் குறிப்பது. கடுகண்ணாவை ஏற்றத்து வளைவுகளில் முந்தாதீர் எனச் சாரதிகள் எச்சரிக்கப்படுவது இச்சொல்லினாலேயே. மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், பஸ் லொறியை ‘டேக் ஓவர்’ செய்தது என்று எழுதுவானாயின், அந்தப் பஸ்ஸின் உரிமையாளர் லொறியையும் அதன் உரிமைப் பத்திரத்தையும் வாங்கிவிட்டார் என்றே ஆங்கிலேயன் பொருள்கொள்வான்.

இனித் தமிழில் இதற்கு நிகர் யாது? ஒரு சொல் இல்லை. பல சொற்கள் உள. அப்பன்மையே நாம் கவனிக்க வேண்டியது. பணி மாறுதலைக் குறிக்க நம் நாட்டுத் தமிழில் ‘பாரமெடுத்தல்’ என்றோர் அழகிய வழக்கு உண்டு. கொடுப்பவன் ‘பாரங்கொடுக்கின்றான்’, ஏற்பவன் ‘பாரமெடுக்கின்றான்’. தோட்டத்துத் துரை ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது, செக்ரோல் புத்தகம், காசு, களஞ்சியப் பொருள்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் புதியவரிடம் ஒப்படைப்பார். ஒருபுறம் ‘ஹாண்ட் ஓவர்’, மறுபுறம் ‘டேக் ஓவர்’. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தமிழில் இங்கே இருக்கின்றது. எடுக்கப்படுவது ஒரு சுமை என்பதைத் தமிழ்ச்சொல் மறைப்பதில்லை. ‘பொறுப்பேற்றல்’ என்பதும் அவ்வாறே. பொறுத்தல் என்னும் வினை அதனுள் இருக்கின்றது. ‘கையேற்றல்’ நடுநிலையானது. ‘கைப்பற்றல்’ வலிமையைக் காட்டும். ‘பறித்தல்’ வழக்காட வந்தவன் சொல்.

எஞ்சிய ஒன்று ‘சுவீகரித்தல்’. வடசொல்லாகிய இதன் பொருள் தனதாக்கிக்கொள்ளுதல். மகப்பேறில்லாதோர் பிறர் மகவைத் தம் மகவாக ஏற்றலைச் சுவீகாரம் என்கின்றோம். அவ்வழக்கிற் கொடுப்போர் கொடுத்தலும் கொள்வோர் கொள்ளுதலும் இரண்டும் நிகழ்ந்தாலன்றிச் சுவீகாரம் நிறைவேறாது என்பது நம் சமய நூல்களின் முடிபு. பெற்றோர் கொடாத பிள்ளையைச் சுவீகாரம் செய்தல் இயலாது. இச்சொல்லையே, காணியையும் கட்டடத்தையும் அரசு சட்டத்தின் வலிமையால் எடுத்தலுக்கு இலங்கைத் தமிழர் வழங்கலாயினர். மென்மையான சொல் ஒன்று வன்மையான செயலுக்குப் போர்வையாயிற்று எனலாம்.

சொல்லின் ஈற்றில் நிற்கும் துணைவினைகளையும் மறத்தலாகாது. எடுத்தான், எடுத்துக்கொண்டான், எடுத்துவிட்டான், எடுத்துவைத்தான் என்பவற்றுள் நிகழ்ந்த செயல் ஒன்றே. ‘கொள்’ சேர்ந்தபோது எடுத்தவன் பயன் தெரிகின்றது. ‘விடு’ சேர்ந்தபோது மீளாமை தெரிகின்றது. ‘வை’ சேர்ந்தபோது பிற்காலத்துக்கான கருத்துத் தெரிகின்றது. ஆங்கிலம் இடைச்சொல்லால் திசையைக் காட்டுமிடத்து, தமிழ் துணைவினையால் நோக்கத்தைக் காட்டுகின்றது. கொடுத்தலிலோ தமிழ் இன்னும் நுணுக்கமானது. இழிந்தோன் கேட்கும்போது ‘ஈ’, ஒத்தோன் கேட்கும்போது ‘தா’, உயர்ந்தோன் கேட்கும்போது ‘கொடு’ என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். அரசு கேட்கும்போது எதனைச் சொல்வது என்பதற்கும் அதிலேயே விடை இருக்கின்றது.

சிங்களத்தில் இதனைப் ‘பவரா கெனீம’ என்பர். ‘பவரனவா’ என்பது ஒப்படைத்தல். ‘கன்னவா’ என்பது எடுத்தல். ஒப்படைக்கப்பெற்று எடுத்தல் என்பது சொல்லின் அமைப்பு. அங்கும் ‘கன்னவா’ நம் ‘கொள்’ போலவே துணைவினையாக நின்று எடுத்தவன் பயனைக் காட்டுகின்றது. ஒரே மலையில் அயலவராய் வாழும் இருமொழிகளும் இவ்விடயத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்க, மூன்றாம் மொழியின் தொடர் இரண்டினுள்ளும் புகுந்துவிட்டது. கண்டிச் சந்தையிற் சிங்களவரும் தமிழரும் ஒருவரோடொருவர் பேசுமிடத்து ‘டேக் ஓவர்’ என்றே சொல்லி முடித்துவிடுவர்.

இப்பொழுது பழைய மாணவர் வாயில் வழங்கும் அந்த ‘டேக் ஓவரு’க்கு வருவாம். அது ஒரு நிகழ்ச்சியன்று, இரண்டு. 1960ஆம் ஆண்டு யூலை மாதத் தேர்தலில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத்; கண்டிக்கு அணித்தான கம்பளையில் ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அரசின் உதவிநிதி பெற்ற பாடசாலைகளின் முகாமைப் பொறுப்பு 1960 டிசெம்பர் முதலாந் திகதி கல்விப் பணிப்பாளரிடம் சென்றது. கிறித்தவ மிஷன்களும் பௌத்த பிரமஞான சங்கமும் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் நடத்திய பாடசாலைகள் யாவும் இவ்வலையுட் பட்டன. மேல்வகுப்புடைய சில பாடசாலைகள், உதவிநிதியையும் கட்டணத்தையும் கைவிட்டுத் தனித்து நிற்க விரும்பின் நிற்கலாம் என விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

கவனிக்க: 1960இல் எடுக்கப்பட்டது முகாமை, நிலமும் கட்டடமும் அல்ல. அவற்றை எடுத்தது 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். பாடசாலையின் உடைமைகளை அரசுக்கு உரித்தாக்கும் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை அது அமைச்சர்க்கு அளித்தது. முதற்சட்டத்திற்குத் தமிழிற் ‘பொறுப்பேற்றல்’ என்னும் சொல் நன்கு பொருந்தும். இரண்டாவதற்கு அது சிறிதும் பொருந்தாது. ‘உடைமையாக்கல்’ என்றே சொல்லல் வேண்டும். ஆயின் ஆங்கிலப் பேச்சில் இரண்டும் ஒரே ‘டேக் ஓவர்’. சில மாத இடைவெளியில் நிகழ்ந்த இருவேறு செயல்கள் ஒரே பெயரின்கீழ் மறைந்துபோயின. இன்று அறுபது ஆண்டுகள் கடந்தபின், அதனை நியாயம் என்பாரும் அநியாயம் என்பாரும் வாதிடுமிடத்து, ஒருவர் முதற்சட்டத்தையும் மற்றவர் இரண்டாம் சட்டத்தையும் மனத்திற் கொண்டு பேசுதலைக் கேட்டிருக்கின்றோம். இருவரும் ஒரே சொல்லை வழங்குதலின் தாம் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை அறியார்.

பொறுப்பேற்றலுக்கு ஆதரவான வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆசிரியர் சம்பளம் அரசின் பணம். நியமனமோ முகாமையாளர் கையில். பணம் கொடுப்பவர் வேறு, ஆளைத் தெரிபவர் வேறு என்னும் நிலையில், திறமையைவிட முகாமையாளரின் சமயமும் உறவும் எடைபோடப்பட்ட இடங்கள் உண்டு. உடைமையாக்கலுக்கு அவ்வாதம் போதாது. அடியார்கள் பிடியரிசி சேர்த்தும் நிலங்கொடுத்தும் எழுப்பிய கட்டடங்கள் பல அவற்றுள் இருந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைக் கட்டடங்களுள்ளேயே தங்கித் தம் எதிர்ப்பைக் காட்டினர். கண்டியில் தர்மராஜக் கல்லூரியும் கிங்ஸ்வூட் கல்லூரியும் உயர்தரப் பெண்கள் கல்லூரியும் அரசிடம் சென்றன. திரித்துவக் கல்லூரியும் ஹில்வூட் கல்லூரியும் தனியார் கல்லூரிகளாகவே நின்றன. ஏரியைச் சுற்றி நடப்பவன் அரைமணி நேரத்துக்குள் அத்தொடரின் இரு பக்கங்களையும் கண்ணாற் காணலாம்.

பொறுப்பு முன்னும் உடைமை பின்னுமாகச் செல்லும் இம்முறை இம்மலைநாட்டிற்குப் புதியதன்று. 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் ஆங்கிலப் படை கண்டிக்குட் புகுந்தது. நான்கு நாளில் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவத்தில் தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடி உடன்படிக்கை செய்தனர். கண்டி மாகாணங்களின் ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரித்தாயிற்று என்பது அதன் ஒரு பிரிவு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘உரித்தாக்கல்’ எனப் பொருள்படும் அதே ஆங்கில வினையே இதிலும் நிற்கின்றது. ஆடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்த வினை அது. ஆளுந்தலைமை மட்டுமே மாறுகின்றது, தம் பதவியும் வழக்கமும் மாறா எனப் பிரதானிகள் எண்ணினர். 1817-18 கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவெம்பரில் வந்த பிரகடனம் அவர்தம் அதிகாரங்களைக் குறைத்துவிட்டது. எதனைக் கொடுத்தோம் என்பது அவர்க்கு மூன்றாண்டு கழித்தே விளங்கிற்று. மன்னனோ வேலூரிற் சிறையிருந்து 1832இல் இறந்தான்.

நகரைவிட்டுத் தோட்டங்களுக்குச் செல்வாம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொம்பனிகளுக்கு உரிய தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. இவற்றையும் நாளேடுகள் ‘டேக் ஓவர்’ என்றே எழுதின. தோட்டத்தில் உழைத்தவர்களோ ‘தோட்டத்தைக் கவர்மெண்டு எடுத்திருச்சு’ என்றனர். காணியை எடுத்தோர், அக்காணியில் நாலு தலைமுறையாக வேர்விட்டிருந்த மக்களையும் ஏற்றனரா என்பதே வினா. கண்டியைச் சூழ்ந்த நடுமலைத் தோட்டங்கள் பலவற்றிற் காணி துண்டாடப்பட்டது. லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வேலையையும் கூரையையும் இழந்து வெளியேறின. சொத்து கோட்டைக் கடந்து வந்தது. மனிதர் கோட்டின்மேல் விடப்பட்டனர்.

1992இல் எதிர்த்திசையில் ஒரு ‘டேக் ஓவர்’ நிகழ்ந்தது. அரசு தோட்டங்களின் முகாமையைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் கொடுத்தது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. நிலம் இன்றும் அரசினதே. கண்டிப் பகுதியில் ஜனவசம எனப்படும் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் எஞ்சிய தோட்டங்களும் உள. ஆகவே 1975இல் எடுக்கப்பட்டது உடைமை. 1992இல் எடுக்கப்பட்டது முகாமை. லயத்துக் கூரை ஒழுகும்போது யாரிடம் முறையிடுவது என்னும் கேள்விக்கு, எடுத்தவர் எதனை எடுத்தார் என்பதறியாமல் விடை கூற முடியாது.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் அப்பாற் செல்லுதல் முறையன்று. 1960, 61ஆம் ஆண்டுகளில் நகரத்துப் பாடசாலைகள் எடுக்கப்பட்டதைப் பலர் இழப்பாகக் கருதி வருந்தினர். அதே காலத்திற் கண்டி மலைகளிலிருந்த தோட்டப் பாடசாலைகளை எவரும் எடுக்கவில்லை. அவை துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஓரறை, ஓராசிரியர், ஒன்றாய்க் குந்தியிருக்கும் பல வகுப்புகள் என்பதே அவற்றிற் பலவற்றின் நிலை. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945 முதல் இலவசக் கல்வி உரிமையாயிருக்க, இப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் நின்ற பேராதனையைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதிருந்தனர். தம் பாடசாலையை அரசு ‘டேக் ஓவர்’ செய்யாதா என்று அங்கே ஆசிரியரும் பெற்றோரும் ஏங்கினர். 1970களின் பிற்பகுதியிலேயே அவை படிப்படியாக அரசின் கல்வி முறையுட் சேர்க்கப்பட்டன. ஒரே தொடர் நகரத்தில் முறைப்பாடாகவும், எட்டு மைல் தொலைவிலுள்ள மலையில் வேண்டுகோளாகவும் ஒலித்தது. நம் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் முதலாவதை விரித்தெழுதுகின்றனர். இரண்டாவதை ஒரு வரியிலேனும் குறிப்பாரைக் காண்டல் அரிது.

வணிகத்தில் இத்தொடர் கொம்பனி ஒன்றின் பங்குகளை வாங்கி ஆளுகையைப் பெறுதலைக் குறிக்கும். இலங்கையில் 1995ஆம் ஆண்டில் இதற்கென விதிக்கோவை ஒன்று வகுக்கப்பட்டது. நிரற்படுத்தப்பட்ட கொம்பனியின் வாக்குரிமையில் 30 வீதத்தை ஒருவர் எட்டினால், எஞ்சிய பங்காளர்க்கும் விலை கூற அவர் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். எடுப்பவன் எதனை எடுக்கின்றான், எஞ்சியோர் நிலை யாது என்பதை எழுத்தில் வரையறுத்த இடம் இதுவொன்றே போலும்.

உருவக வழக்கும் உண்டு. கைவிடப்பட்ட தேயிலை மலையை மானாப்புல் மூடிவிடுதலை ஆங்கிலேயர் ‘டேக் ஓவர்’ என்பர். நாம் ‘மண்டிவிட்டது’ என்போம். ஒருவரை அச்சம் மேற்கொள்ளுதலையும் அவ்வாறே கூறுவர்.

ஆயின் செயப்படுபொருள் மனிதராயின் இத்தொடர் பெரும்பாலும் தயங்கி நிற்கும். புகலிடம் கொடுப்பதாயின் ‘டேக் இன்’. வேலைக்குச் சேர்ப்பதாயின் ‘டேக் ஒன்’. திரும்ப ஏற்பதாயின் ‘டேக் பாக்’. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. அங்கே எந்த ஆங்கிலத் தொடரை வழங்கினாலும், பொருள்களைப் பங்கிடும் கணக்குப் புத்தகத்தின் மொழியே அது.

மனிதரை எடுத்தலுக்குத் தமிழில் ‘ஆட்கொள்ளுதல்’ என்றொரு சொல் உண்டு. அது சைவர்க்கு உயிர்ச்சொல். சுந்தரரின் திருமணப் பந்தரில் முதிய அந்தணராய் வந்த இறைவன், இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டினான். சுந்தரர் ஓலையைக் கிழித்தார். கிழிபட்டது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டப்பட்டது. சாட்சிக் கையெழுத்தும் ஒப்பு நோக்கப்பட்டது. வழக்கு நடந்து, தீர்ப்புக் கூறி, அதன்பின்னரே தடுத்தாட்கொள்ளல் நிறைவேறிற்று. சர்வ வல்லமையுடையவனே அவையைக் கூட்டி ஆவணங்காட்டி எடுத்தான் என்று நம் முன்னோர் கதை கூறினர். இதனை எந்த ஆங்கிலத் தொடர்வினையாலும் பெயர்த்தல் இயலாது. ‘டேக் ஓவர்’ என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும்.

இறுதியாக, இத்தகைய மலர்களில் ஆங்கிலப் பகுதியை எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. அதிபர்களின் வரிசையைக் கூறுமிடத்து, இன்னார் இன்ன ஆண்டிற் கல்லூரியை ‘டேக் ஓவர்’ செய்தார் என எழுதும் வழக்கம் பரவியிருக்கின்றது. அவர் அதிபர் பதவியை ஏற்றார் என்பதே கருத்தாயின், ‘ஆஸ்’ என்னும் சிறுசொல்லைச் சேர்த்து, அதிபராக ‘டேக் ஓவர்’ செய்தார் என்றெழுதல் வேண்டும். அரசாங்க அலுவலகங்களிற் கடமையேற்றலைக் குறிக்க வழங்கும் ‘அசியூம்’ என்னும் வினை அதனினும் நன்று. அச்சிறுசொல்லை விட்டுவிட்டால், நம் அதிபர் ஒருவர் 1815இல் பிரவுன்றிக் செய்ததைக் கல்லூரிக்குச் செய்தார் என்று ஐம்பது ஆண்டின்பின் படிப்பவர் எண்ண இடமுண்டு.